ஆறு மணி இருபது நிமிடம்

"இது ப்ளேன்ல போறவங்களுக்கான பக்கமா, ராக்கெட்ல போறவங்களுக்கான பக்கமா?" என்று கேட்டு, முகம் தெரியாத யாரோ ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். முதலாளி அதை உரக்கப் படித்தார். ஒரு முறை போதாதென்று இன்னொரு முறையும் படித்தார். டயர்க் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சுண்டு மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் போட்டது.

அங்கே நடந்தது வெளியே சொன்னால் யாரும் நம்பாத வேலை. உலகத்தில் ஏதாவது இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று ஒரு பக்கம் எழுதி இணையத்தில் ஏற்ற வேண்டும். பிறகு அடுத்த இரண்டு ஊர்கள். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு நாற்பது பக்கம். நீளநீளமான பெயர்களை அடித்துத் தப்பு விடக் கூடாதென்று எல்லா ஊருக்கும் எண் வைத்திருந்தார்கள். அவர்கள் இருந்த ஊர் பதினேழு.

"பதினேழுலேர்ந்து எரநூத்திப் பன்னெண்டு," என்றார் முதலாளி. "எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது கிலோமீட்டர். ஆறு மணி இருபது நிமிஷம். ஏம்மா சுண்டு, பைலட்டை நாய் ஏதாவது துரத்துச்சா?"

"பார்க்கறேன் சார்," என்றாள். அவள் ஒரு நாளில் அலுவலகத்தில் பேசுகிற பேச்சில் பாதி அதோடு முடிந்துபோனது.

தூரத்தைக் கணினியே சொல்லிவிடும். நேரத்தைத்தான் ஆள் உட்கார்ந்து போட வேண்டும். விமானம் காலை ஒன்பது நாற்பதுக்கு இங்கே கிளம்புகிறது. மாலை நான்கு மணிக்கு அங்கே இறங்குகிறது. கழித்துப் பார்த்தால் ஆறு மணி இருபது நிமிடம். ஆனால் அந்த நான்கு மணி அந்த ஊர் நான்கு மணி. அந்த ஊர்க் கடிகாரம் இந்த ஊர்க் கடிகாரத்துக்கு ஐந்து மணி நேரம் பின்னால் ஓடுவது. அந்த ஐந்தையும் கூட்டினால்தான் கணக்கு சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் போட்ட பக்கம். கூட்ட மறந்திருக்கிறாள்.

பதினொரு மணி இருபது நிமிடம் என்று திருத்தினாள். விமானம் அங்கே தரையைத் தொடும்போது இங்கே இரவு ஒன்பது மணி.

திருத்தியதும் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டியதுதான். கை போகவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் மாமா இதே விமானத்தில்தான் போனார். போய் இறங்கிவிட்டேன் என்று அன்று சாயங்காலம் நாலு மணிக்கே கூப்பிட்டாரே.

மாமா என்றால் அக்காவின் கணவர். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒரு கிடங்கில் கண்காணிப்பாளர் வேலை கிடைத்து, தெருவே திரண்டு வேனில் வந்து வழியனுப்பப் போனவர். முந்தின நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நம்ம வீட்லயே ப்ளேன் கம்பெனி இருக்கு, எதுக்கு வெளிய கேக்கணும்? சுண்டு, எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார். ஆறு மணி இருபது நிமிடம் என்று அவள்தான் சொன்னாள். புதுசாக வேலைக்குச் சேர்ந்த பெருமையில் சட்டென்று சொன்னாள். அவள் அவ்வளவு சட்டென்று எதற்குமே பதில் சொன்னதில்லை என்பதால் அக்கா கைதட்டியதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு எல்லோரும் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாலு இருபதுக்கு அது அடித்தது. வீடு நிம்மதியாகிவிட்டது.

நிஜமாகவே ஒருவர் அந்த விமானத்தில் போயிருந்தால் அன்று இந்த வீடு ஐந்து மணி நேரம் பயந்து செத்திருக்க வேண்டும். யாரும் பயப்படவில்லை. சுண்டு அதை நினைத்துக்கொண்டு, திருத்திய பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் முழங்கை சில்லிட்டது.

வீட்டுக்குப் போனபோது ஆறு மணி. அக்கா அப்போதுதான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள்.

அது எட்டு மாதமாக நடக்கிற கூத்து. அக்காவுக்குத் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டித் தள்ளுவாள். அங்கே ஒரு மணிக்கு எல்லோரும் டப்பாவைத் திறக்கும்போது இவள் திறக்க மாட்டாள். அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து ஆறு மணிக்குச் சாப்பிடுவாள். இங்கே ஆறு என்றால் மாமா இருக்கிற ஊரில் ஒன்று. "அவர் இப்பத்தான் தட்டுல கை வைப்பார்," என்பாள். வயிறு முதுகில் ஒட்டிப்போய் வருவாள். கேட்டால், "உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

சுண்டு பீரோவைத் திறந்தாள். மாமா போன நாளின் காலண்டர் தாளை அக்கா கிழித்துப் புடவைக்கு நடுவே வைத்திருந்தாள். தேதிக்குக் கீழே அக்காவின் கோணல் எழுத்து. *4.20. இறங்கிட்டார்.*

"என்னடி பீரோவைக் குடையற?"

"ஊசி தேடறேன்."

"ஊசி தையல் பெட்டில இருக்கும். பீரோவுல புருஷன் இல்லாதவளோட புடவைதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அக்கா தானே சிரித்தாள். பிறகு சாப்பிட்ட கையோடு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "சுண்டு, இங்க வா. ஒரு சங்கதி. வெளிய விட்டே, நாக்கை இழுத்து வச்சு அறுப்பேன்."

சங்கதி ஓர் உறைக்குள் இருந்தது. போக வர டிக்கெட். எட்டு நாள் சுற்றுலா விசா. அக்காவுக்கும், ஐந்து வயது பாப்பாவுக்கும். அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிறு. காலை ஒன்பது நாற்பது.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அப்புறம் என்ன சுவாரஸ்யம்? வாசல்ல போய் நிக்கப் போறேன். மனுஷன் மயங்கி விழணும்." அக்காவின் முகம் எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சாப்பிட்ட முகம் மாதிரி இருந்தது. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வழக்கம்போல கூப்பிடுவார். நான் அப்ப வானத்துல இருப்பேன். போனை உன்கிட்ட விட்டுட்டுப் போறேன், இறங்கினதும் யார் போன்லயாவது கூப்பிடறேன். அக்கா துணி துவைக்கிறான்னு சொல்லு. வேற ஒண்ணும் உளறாத. நீ எங்க உளறப் போற."

சுண்டு தலையை ஆட்டினாள். வாசல் கதவோரத்தில் மாமாவின் வீட்டுச் செருப்பு இருந்தது. அக்கா தினமும் துடைத்து வைப்பது. சுண்டு அன்று அதைத் தாண்டிப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

அவசரப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விமானம் முன்னாலேயே கிளம்பியிருக்கலாம். அக்கா நேரத்தைத் தப்பாக எழுதியிருக்கலாம். ஒன்பது மணிக்கு நாலு என்று எழுதுகிறவளா அக்கா? இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

ஞாயிறு நாலு மணிக்குக் கைப்பேசி அடித்தது. அக்கா ஒலிபெருக்கியைப் போட்டு அதைத் தரையில் வைத்தாள். இணையம் வழியாக வருகிற அழைப்பானாலும் முகம் பார்த்துப் பேச முடியாது. கம்பெனி விடுதியில் கேமரா கூடாதென்று சட்டமாம். சம்பளமும் ஒப்பந்தம் முடிந்தால்தான் மொத்தமாகக் கைக்கு வருமாம். அதையெல்லாம் எட்டு மாதமாகக் கேட்டுக் கேட்டு யாருக்கும் அது வித்தியாசமாகவே படாமல் போயிருந்தது.

"அப்பா, இங்க மழை," என்றாள் பாப்பா.

"இங்க நல்ல வெயில்டா கண்ணு. மணி பதினொண்ணுதானே ஆகுது." மாமா நேரத்தில் தடுமாறுவதே இல்லை. "என்ன, சுண்டு இருக்காளா? பேசினா வாய்ல இருக்கிற முத்து கொட்டிடுமா அவளுக்கு?"

"இருக்கேன் மாமா." "ஆபீஸ்ல ஒரு பக்கம் எழுதணும். ப்ளேன்ல சாப்பாடு எத்தனை தடவ குடுத்தாங்க?"

"எத்தனை தடவயா? ஒரே தடவதான்! ஆறு மணி நேரத்துல எத்தனை தடவ குடுப்பான், கல்யாண வீடா அது, பந்தி பந்தியா போட?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பாப்பாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. தரையில் கிடந்த கைப்பேசியிலிருந்து மாமாவும் சிரித்தார். சுண்டு சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தச் சிரிப்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று இப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது.

செத்துப்போனவர்களுக்குப் பயப்படுவது சுலபம். அவர்கள் வரக் கூடாத இடம் இன்னதென்று தெரியும். மாமா எங்கும் இருக்கலாம். மறுநாளிலிருந்து சுண்டு தெருவில் தலையைக் குனிந்தே நடந்தாள். சலூன் கண்ணாடியில் முகம் மூடிச் சோப்புப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மாமாதான் என்று தோன்றியது. முன்னால் போன பேருந்தின் ஜன்னலில் ஒரு கை தொங்கியது. அந்த மணிக்கட்டு மாமாவின் மணிக்கட்டு. டயர்க் கடையில் குனிந்து பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த முதுகைப் பார்த்துப் படியேறாமல் கால் மணி நேரம் எதிர்ச்சாரியில் நின்றாள். அந்த ஆள் நிமிர்ந்தபோது அறுபது வயதுக்காரர். என்ன வேண்டும் என்று அதட்டினார்.

வீட்டில் அதைவிட மோசம். ஆணியில் மாமாவின் சட்டை தொங்கியது. இத்தனை நாள் அது ஊருக்குப் போனவரின் சட்டை. இப்போது பக்கத்தில் எங்கோ இருப்பவரின் சட்டை. மாடிப்படியில் யாராவது ஏறினால் காலடியை எண்ணினாள். ஆறு மணிக்கு அக்கா தட்டோடு உட்காரும்போது அவளால் அந்த அறையில் இருக்க முடியவில்லை. மாமா ஒரு மணிக்கே சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருப்பார். இவள் ஐந்து மணி நேரம் பட்டினி கிடந்து அவரோடு சேர்ந்து சாப்பிடுகிறாள்.

அவளை இன்னொன்றும் அரித்தது. அந்த ஐந்தை அன்றே கூட்டியிருந்தால் மாமா ஒன்பது மணிவரை காத்திருந்து கூப்பிட்டிருப்பார். எதுவும் வெளியே வந்திருக்காது. அக்கா உறையோடு போய் அந்த ஊர் வாசலில் நின்றிருப்பாள், அவ்வளவுதான். இப்போதும் அதுதான் நடக்கப் போகிறது. வித்தியாசம், இவளுக்குத் தெரியும் என்பது மட்டும். எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பாஷை தெரியாத ஊரில், ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் குழந்தையுமாக, இல்லாத விடுதியின் விலாசத்தை அக்கா எத்தனை பேரிடம் காட்டுவாள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாப்பா கீழ்வீட்டுக்கு விளையாடப் போன நேரத்தில், சுண்டு ஒரு தாளை அக்காவின் முன்னால் வைத்தாள். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவோம் என்று கணக்காகவே எழுதியிருந்தாள். கிளம்பும் நேரம், இறங்கும் நேரம், ஐந்து மணி வித்தியாசம், கூட்டல். கடைசி வரியில் நாலு இருபது என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள்.

அக்கா பெட்டிக்குத் துணி மடித்துக்கொண்டே படித்தாள். "என்ன இது, வீட்டுப் பாடமா?"

"மாமா அங்க போகல அக்கா."

"பின்ன எங்க போனார்? ஆகாசத்துலயே தொங்கறாரா?"

"நாலு மணிக்கு ப்ளேன் இறங்கவே இல்ல. இன்னும் அஞ்சு மணி நேரம் பறக்கணும். நான் தப்பா சொன்னேன். அந்தத் தப்பான நேரத்துக்குத்தான் அவர் கூப்பிட்டார். சாப்பாடுகூட ஒரே தடவன்னு…"

"நிறுத்து." அக்கா துணியைக் கீழே வைத்தாள். "நீ அன்னைக்குப் போட்ட கணக்கு தப்புன்னு நீயே சொல்ற. இன்னைக்குப் போட்ட கணக்கு மட்டும் சரின்னு யார் சொன்னா?"

"எல்லா எடத்துலயும் பதினொண்ணு இருபதுன்னுதான் போட்டிருக்கு."

"எல்லா எடத்துலயும் உன்ன மாதிரி ஒருத்திதானே உக்காந்து போடறா?"

"அவர்கிட்டயே கேட்டுடேன்," என்றாள் சுண்டு.

"கேட்டா? அங்கதான் இருக்கேன்னு சொல்வார். இனிமே அதை எப்படி நம்பறது? அங்க இல்லன்னு சொன்னா அதை எப்படித் தாங்கறது?" அக்கா தாளை நான்காக மடித்து, பிறகு எட்டாக மடித்து, கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். "ப்ளேன்ல ஏறி உக்காந்து நானே எண்ணிக்கறேன். ஒவ்வொரு மணியா. யார் கணக்கும் எனக்கு வேண்டாம்."

அதற்குப் பிறகு அக்கா அவளோடு பேசவில்லை. சனிக்கிழமை கம்பெனி விடுமுறை. மதியம் ஒரு மணிக்கு அடுக்களையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. சுண்டு எட்டிப் பார்த்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேகவேகமாக, ரொம்ப நாள் பட்டினி கிடந்தவள்போலச் சாப்பிட்டாள். சுண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை வாடகைக் கார் கீழே வந்து நின்றது. பாப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தது. அக்கா பெட்டியைத் தூக்கினாள், வாசல்வரை போனாள், திரும்பி வந்தாள்.

"பாப்பாவுக்குச் சளி. உன்கிட்டயே இருக்கட்டும்."

பாப்பாவுக்குச் சளி கிளி ஒன்றுமில்லை. புதுச் சட்டையோடு தரையில் புரண்டு அழுதது. அக்கா திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடித்துக்கொண்டு போன சத்தம் கேட்டது.

ஒன்பது நாற்பதுக்கு விமானம் கிளம்பியது. சுண்டுவுக்கு எந்தப் பக்கத்தையும் பார்க்காமலே தெரியும், ஒவ்வொரு மணிக்கும் அக்கா எவ்வளவு தூரம் போயிருப்பாளென்று. பத்து நாற்பது, எழுநூற்றைம்பது கிலோமீட்டர். பன்னிரண்டு நாற்பது, இரண்டாயிரத்து முந்நூறு. பாப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டும்போது அக்கா கடலுக்கு மேலே வந்திருந்தாள். போகப் போக அவள் அந்த ஊரை நெருங்கவில்லை, மாமாவை விட்டு விலகிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. அவளை யாராலும் இப்போது கூப்பிட்டு நிறுத்த முடியாது.

நாலு மணிக்குக் கைப்பேசி அடித்தது.

துணி துவைக்கிறாள் என்று சொல்ல வேண்டும். சுண்டு எழுந்திருப்பதற்குள் பாப்பா எடுத்துவிட்டது.

"அப்பா! அம்மா உங்ககிட்டதான் வர்றாங்க. ப்ளேன்ல. என்னை உட்டுட்டுப் போயிட்டாங்க." சொல்லிவிட்டு மறுபடியும் அழ ஆரம்பித்தது.

இணைப்பு போய்விட்டதோ என்று சுண்டு கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"சுண்டு," என்றார் மாமா. குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "குழந்தை என்ன சொல்லுது?"

"அக்கா அங்க வர்றா மாமா. உங்களைப் பார்க்க. ஒம்பது நாப்பது ப்ளேன்ல ஏறிட்டா."

"அய்யய்யோ." பிறகு, "அங்க அவளுக்கு யாரு இருக்கா?"

"நீங்கதான் இருக்கீங்க."

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு இவள் முகத்தையே பார்த்தது.

"அடுத்த ப்ளேன் எப்போ? இப்ப கிளம்பினா எத்தனை மணி நேரத்துல போகலாம்? நீதானே அந்தக் கணக்கெல்லாம் பார்க்கற, சொல்லேன்."

"எங்கேர்ந்து கிளம்பறீங்கன்னு சொல்லுங்க மாமா. ரெண்டு ஊரும் தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

அலுவலகத்தில் முகம் தெரியாதவர்களுக்குப் பதில் எழுதுவதுபோல அவள் அதை நிதானமாகத்தான் கேட்டாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்," என்றார் மாமா. "பழைய இரும்புக் கடை இருக்குல்ல. அதுக்கு மேல. கடைக் கணக்கு எழுதிக்கிட்டு, அங்கயே படுத்துக்கிட்டு… விசா போலின்னுட்டாங்க சுண்டு. ஏர்போர்ட் கவுன்ட்டர்லயே நிறுத்திட்டாங்க. கண்ணாடிக்கு வெளிய நீங்க எல்லாரும் கையாட்டிட்டு இருந்தீங்க. தெருவே வந்திருந்துச்சு. எப்படி வெளிய வருவேன்? நாலு மணிக்குப் போன் வரலைன்னா அவ பயப்படுவாளேன்னு கூப்பிட்டேன். அப்புறம் அடுத்த ஞாயித்துக்கிழமையும் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

ரயில்வே கேட் அவள் தினமும் பேருந்தில் கடக்கிற இடம். இரும்புக் கடையின் மேலே ஒரு ஜன்னல் உண்டு. அதில் எப்போதும் ஈரத் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருக்கும். இத்தனை நாள் சலூனிலும் டயர்க் கடையிலும் அவரைத் தேடிப் பயந்தவள், அந்தத் துண்டை ஒரு நாளும் பார்த்துப் பயந்ததில்லை.

"நான் வர்றேன்," என்றார். "இப்பவே வர்றேன். பாப்பாவைப் பார்க்கணும்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இரும்புக் கடையிலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட வராது. நடந்தால் இருபது நிமிடம், ஓடி வந்தால் அதிலும் பாதி. சுண்டு கதவைச் சாத்தினாள். மேல் தாழ்ப்பாளையும் போட்டாள். எட்டு மாதமாக அக்கா இந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது அவளைத் தவிர எல்லோரும் இங்கே இருக்கப் போகிறார்கள். மாமா உள்ளே வந்து, பாப்பாவை மடியில் வைத்து, அவள் துடைத்து வைத்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, அவள் அங்கே இறங்குவதற்குள் இங்கே வீட்டு மனிதராகிவிடுவார். அக்கா ஆளில்லாத வாசலில் நிற்கும்போது இங்கே விளக்கெரிந்து பேச்சுச் சத்தம் கேட்கும். சுண்டுவால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"அப்பா எங்க வர்றாங்க சித்தி?"

"தெரியல. நீ படம் வரை."

பதினாறாவது நிமிடம் படியில் காலடி கேட்டது. முதலில் வேகமாக, பிறகு ஒவ்வொரு படியாக. கடைசிப் படியில் நின்றது. கதவுக்கு அடியில் வெளிச்சம் இரண்டு இடத்தில் மறைந்தது.

"சுண்டு."

கைப்பேசி இல்லாமல் அந்தக் குரலைக் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே அவளுக்கு அவருடைய மூச்சு கேட்டது. பாப்பா பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றது. அதற்கும் குரல் தெரிந்துவிட்டது. ஆனால் அது ஓடி வரவில்லை. சித்தியின் பின்னால் வந்து பாவாடையைப் பிடித்துக்கொண்டது. அப்பா ஒரு கைப்பேசிக்குள் இருப்பவர். கதவுக்கு வெளியே நின்று பேசுகிற அப்பாவை அதற்குப் பழக்கமில்லை.

"கதவைத் திற சுண்டு. யாராவது பார்க்கறதுக்குள்ள."

"மணி நாலரைதான் மாமா ஆகுது," என்றாள் சுண்டு. "நீங்க இன்னும் இறங்கல. பதினொரு மணி இருபது நிமிஷம். ஒம்பது மணிக்குத்தான் இறங்குவீங்க. அக்கா இறங்கிக் கூப்பிடட்டும். நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் அவகிட்ட சொல்றேன். திறக்கறதா வேண்டாமான்னு அவ சொல்லட்டும்."

"சுண்டு, அம்மா தாயே…"

"ஒம்பது மணிக்கு."

இறங்கிப் போகிற காலடி வெகுநேரம் கேட்கவில்லை. பிறகு சட்டை சுவரில் உரசிக் கீழே வழுக்குகிற சத்தம். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு அடியிலிருந்த இரண்டு இருட்டும் ஒன்றாகி அகலமாகின.

சுண்டு கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பாப்பா அவள் மடியில் ஏறிக்கொண்டது. அக்கா இப்போது ஐயாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் போயிருப்பாள். அவளுடைய ஜன்னலில் இன்னும் நல்ல வெயில் இருக்கும். மணி பார்த்துக்கொண்டிருப்பாள், ஏழு முடிந்துவிட்டது, இன்னும் இறங்கவில்லை என்று.

"வெளிய யாரு சித்தி?" என்று பாப்பா அவள் காதில் கேட்டது.

"ஊர்லேர்ந்து ஒருத்தர் வந்துட்டிருக்கார்," என்றாள் சுண்டு. "இன்னும் நாலு மணி நேரம் ஆகும்."